1/8 வயலினும் பாண்காரரின் மெட்டும்: ஏழு மாதக் குறிப்பு

மகளுக்கு ஐந்து வயது முடிகிற நேரம் கனடாவிலிருந்து வந்த பொதிக்குள் ஒரு வயலின் இருந்தது. மச்சாளின் மகன் வளர்ந்துவிட்டான், இனி அவனுக்கு அது சின்னன். 1/8 அளவு. முழு வயலினில் எட்டில் ஒரு பங்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது பெயர் மட்டும்தான். நீளத்தைப் பார்த்தால் ஏறத்தாழ முக்கால்வாசி வரும்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சங்கீதத்தை விட்டுச் சித்திரம் எடுத்தவன் நான். ஆனாலும் பிள்ளையோடு சேர்ந்து நானும் பழகுவது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் ஜப்பான்காரர் சினிச்சி சுசுகி (1898–1998). நாலு வயதுப் பிள்ளை ஒன்றைத் தகப்பன் கூட்டிக்கொண்டு வந்து வயலின் பழக்கச் சொன்னபோது, இந்த வயதுக்கு எப்படிப் பழக்குவது என்று அவருக்குத் தெரியவில்லையாம். யோசித்துப் பார்த்தால் ஜப்பான் பிள்ளைகள் எல்லாரும் ஜப்பான் மொழி கதைக்கிறார்கள். இலக்கணம் படித்தா கதைத்தார்கள்? அப்படியே இசையையும் முதலில் கேட்கட்டும், தாயோ தகப்பனோ பக்கத்தில் வாசிக்கட்டும், நொட்டேசன் பிறகு வரட்டும் என்பதுதான் அவருடைய முறை. தாய் முதலில் அந்தச் சின்ன வயலினிலேயே பழக வேண்டும், பிள்ளை அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டும் என்றும் சொன்னார்.

இதெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்து இணுவில், அளவெட்டிப் பக்கத்து நாதஸ்வர, தவில் வீடுகளில் பிள்ளைகள் இப்படித்தானே வளர்ந்தார்கள். பேர்போன தவில் வித்துவான் தட்சணாமூர்த்தி தகப்பன் விஸ்வலிங்கத்திடம்தான் முதலில் படித்தார். எங்கள் வீட்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. இருந்தது நான்.

முதல் மூன்று வாரம் அவளுக்கு வயலின் கொடுக்கவில்லை. 400 கிராம் பால்மாப் பெட்டியில் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை ஒட்டிக் கொடுத்தேன். வில்லுக்கு ஈர்க்குக் கட்டு. சம்மணமிட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னுக்கு வைத்து, அடிமட்டத்தின் நுனியைக் கணுக்காலில் ஊன்றி இருக்கப் பழகினாள். மேல்நாட்டில் நின்று வாசிப்பார்கள், கர்நாடக சங்கீதத்தில் எங்களுக்கு இருக்கை இப்படி. நிசமான வயலினை நான் வைத்திருந்தேன். என் விரல் ஒன்றை வைத்தால் பக்கத்துச் சுரத்தையும் சேர்த்து மூடும். நாலாம் நாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

“அப்பா, உங்கடை விரல் கொழுத்துப் போச்சு. எனக்குத் தாங்கோ.”

சுசுகி சொன்னது சரிதான் என்று அன்றைக்கு எனக்கு ஒரே புளுகம்.

அடுத்த மாதம் எல்லாம் குழம்பியது. வயலின் அவள் கைக்குப் போனதும் நான் வாசிப்பதை விட்டுவிட்டுப் பிழை பிடிக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்து இரு, வில்லை நேரே இழு, மணிக்கட்டை மடிக்காதே. ஆறரைக்கு விளக்கு வைத்ததும் அவளுக்கு வயிற்றுக்குத்து வரத் தொடங்கியது. ஒரு நாள் மனைவி குசினிக்குள் இருந்து எண்ணியிருக்கிறார்.

“இஞ்சேருங்கோ, பத்து நிமிசத்துக்குள்ளை பதினாலு தரம் பிழை சொல்லிப்போட்டீங்கள்.”

ரீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் வயதானவர், கிழமைக்கு ஒரு நாள் போகிறோம். “தம்பி, நீங்கள் வீட்டிலை ரீச்சராகாதேங்கோ. பக்கத்திலை இருந்து வாசியுங்கோ. சொல்லத்தான் வேணுமெண்டால் ஒரு நாளைக்கு ஒண்டைச் சொல்லுங்கோ” என்றார். சுசுகி முறைக்காரரும் ஒரு பாடத்துக்கு ஒரு விடயம் என்றுதான் சொல்கிறார்கள். நான் அதை வாசித்திருந்தேன், செய்யவில்லை.

அப்புறம் மாற்றிக்கொண்டோம். வில்லின் நடுப்பகுதியில் சிவப்பு ரேப் இரண்டு துண்டு. அதற்குள்ளேயே இழுக்கவேண்டும், அந்தக் கிழமைக்கு வேறு ஒன்றும் இல்லை. விரல் வைக்கும் இடத்துக்கும் ரேப் ஒட்டலாமா என்று கேட்டேன். ரீச்சர் விடவில்லை, காது சோம்பலாகிவிடுமாம். எனக்கு ஒட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

மாரி தொடங்கினதும் தந்தி முறுக்குகிற பிருடைகள் ஊதி இறுகிவிட்டன. பங்குனி வெயிலுக்கு அதே பிருடைகள் வழுகிச் சுருதி இறங்கின. வெண்கட்டியைக் கொஞ்சம் தேய்த்தால் நிற்கிறது.

ஆறாம் மாதம் நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னேரம் வரும் பாண் ஓட்டோவில் பீத்தோவனின் ‘ஃபியூர் எலிஸ்’ மெட்டு போகும், இலங்கை முழுக்கத் தெரிந்த மெட்டு. ஒரு நாள் நான் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் வயலினைத் தரச் சொல்லி வாங்கினாள். எங்கள் வயலினில் தந்திகள் ச-ப-ச-ப என்று சேர்ந்திருக்கும். மேல்தந்தியை விரல் வைக்காமல் இழுத்தாள்: பஞ்சமம். பிறகு இரண்டாம் தந்தியில் மூன்றாம் விரலை வைத்தாள். சரிவரவில்லை. விரலை மெல்ல மேலே அரக்கினாள். ப-ம-ப-ம-ப. பிரதி மத்திமம்! இரண்டு ‘ம’வில் உயர்ந்தது. அதுவரை அந்த இடத்தில் அவளுக்கு யாரும் விரல் வைக்கக் காட்டவில்லை. தொடர்ந்து ரி, அடுத்து தாழ்ந்த ‘ம’வான சுத்த மத்திமம், க, ச என்று இறங்க ஐந்தாறு தரம் தடவினாள். கடைசியில் பாண்காரர் வந்துவிட்டார்.

மூன்றாம் விரலுக்கு இரண்டு வீடு இருக்கிறது என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு மாதம் போயிருக்கும். இரண்டு வருடமாகப் பின்னேரங்களில் கேட்டது கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் இடியப்பம் சாப்பிடும் நேரம் சரளி, அதற்கடுத்த பாடமான ஜண்டை வரிசைகளை ரீச்சரின் வாசிப்பில் போனில் போட்டுவிடுகிறேன். கேட்கச் சொல்வதில்லை. அது தன்பாட்டில் ஓடும். ரீச்சரிடம் பாண் மெட்டை வாசித்துக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, “சரி, இனி ரெண்டு மத்திமமும் வேறை எண்டு உமக்குச் சொல்லத் தேவையில்லை” என்றார்.

சொந்தக்காரர் கேட்பது ஒன்றுதான்: “சங்கீத சபைச் சோதினை எப்ப எடுக்கப்போறா?” வட இலங்கைச் சங்கீத சபையின் தரங்கள் நல்லவைதான், ஒழுங்காகப் படிப்பிக்கின்றன. ஆனால் ஐந்தரை வயதுக்கு இப்போது அவசரமில்லை என்று சொல்லித் தப்பிக்கிறேன். அதற்குள் நான் தரம் ஒன்று எடுத்துவிடுவேனோ தெரியாது.

இப்போதைய நிலவரம்: அவளுக்கு ஜண்டை வரிசையில் இரண்டு முடிந்துவிட்டது. எனக்குச் சரளியில் ஏழாவது, அதுவும் அவள் “அப்பா, திரும்ப” என்று சொல்லச் சொல்ல. போன கிழமை மேல்தந்தி அறுந்தது. நகரக் கடைகளில் தேடினேன், முழு வயலினுக்குரியதுதான் இருக்கிறது. மச்சாளுக்குச் சொல்லியிருக்கிறேன். நேற்றுப் பின்னேரம் பாண் ஓட்டோ சந்தியில் திரும்பும்போதே வயலினை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டாள். மேல்தந்தி இல்லை. இரண்டாம் தந்தியில் சின்ன விரலை எட்டி நீட்டி, பஞ்சமம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள்.