16 மெய்யொலிகளில் ஒரு கற்பனை மொழி

சென்னையில் நாங்கள் சிலர் சேர்ந்து கட்டிய மொழியின் முதல் வரைவில் 31 மெய்யொலிகள் இருந்தன. எண்ணிக்கை மட்டும் குற்றமில்லை. பப்புவா நியூ கினியின் ரோட்டோகாஸ் 6 மெய்களை வைத்தே பிழைக்கிறது. பெரும்பாலான மொழிகள் 20-ஐ ஒட்டி நிற்கின்றன. பிடித்த ஒலிகளை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து போட்டதுதான் தப்பு. ஒன்றுக்கொன்று உறவே இல்லை.

உறவு என்றால் என்ன என்பதைத் தமிழ் நெடுங்கணக்கே காட்டும். க-வுக்கு ங, ட-வுக்கு ண, ப-வுக்கு ம என வல்லினம் ஆறுக்கும் இனமெல்லினம் உண்டு. ஆகவே முதலில் கட்டம் போடுங்கள்: மேலே பிறப்பிடம் (ஒலி வாயில் எங்கே பிறக்கிறது), பக்கத்தில் பிறப்பு முறை (எப்படிப் பிறக்கிறது). துணையில்லாமல் தனித்து நிற்பதை எடுத்துவிடுங்கள். எங்களுக்கு மிஞ்சியவை: ப, த, ச, க, 'பஸ்'ஸின் ப, 'தேசம்' என்பதன் த, ம, ந, ங, ஸ, ஷ, ஹ, ய, ர, ல, வ. மொத்தம் 16. ழ-வை விட மனமில்லைதான். ஆனால் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிப்போன ஊர் இது. அரிய ஒலி எவ்வளவு எளிதில் கரையும் என்று காதாலேயே கேட்கிறோம்.

'தங்கம்' என்பதில் வரும், தொண்டையின் குரல்நாண் அதிர்வுள்ள க-வை வேண்டுமென்றே விட்டோம். கட்டம் முழுக்க நிரம்பினால் செயற்கையாகத் தெரியும். ஆனால் ஓட்டை விழுவதற்கும் காரணம் வேண்டும். க-வுக்கு நாக்கின் பின்பகுதி மேலே அடைக்கிறது. அடைப்புக்கும் குரல்வளைக்கும் நடுவே இடம் குறைவு. காற்று சட்டென்று நிரம்பி அதிர்வு நின்றுவிடும். தாய்லாந்து மொழியில் 'பஸ்'ஸின் ப உண்டு, இந்த க இல்லை.

அந்த ஓட்டைக்கு ஒரு வரலாறும் கொடுத்தோம்: பழைய அதிர்வு க எல்லா இடத்திலும் ய ஆயிற்று, மெல்லினத்துக்குப் பின் மட்டும் தப்பியது. அதனால் 'யொலா' என்றால் வீடு, 'அங்கொலா' என்றால் வீட்டில். சாதாரண க-வும் மெல்லினத்துக்குப் பின் அதிரும் என்று விதித்துவிட்டதால் 17-ஆவது ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் தனி ஒலி) தேவைப்படவில்லை. மொழிக்கு வயது ஏறியது இந்த ஒரு விதியால்தான்.

அடுத்து இடக் கட்டுப்பாடு. பட்டியலைவிட இதுதான் மொழியின் முகத்தைத் தீர்மானிக்கிறது. ங சொல்லுக்கு முதலில் வராது. இறுதியில் ம, ந, ங, ஸ, ர, ல மட்டும். பிறகு 100 வேர்ச்சொல் உண்டாக்கி எண்ணிப் பாருங்கள். சொல் உண்டாக்கிய எங்கள் கணினி நிரல் 16 ஒலிகளுக்கும் சம பங்கு கொடுத்ததால் ஷ-வும் த-வும் ஒரே அளவில் வந்து, படிக்கும்போது இரைச்சலாக இருந்தது. த, ந, க, ர ஆகியவற்றைக் கூட்டி, ஷ-வை நூற்றுக்கு இரண்டாகக் குறைத்ததும் காதில் உட்கார்ந்தது.

கடைசியாக, உரக்கப் படிக்கும் சோதனை. தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் ஏமாந்துபோவீர்கள். 'தபி' என்று எழுதினால் நம் வாய் நடு ப-வைத் தானாகவே அதிரவைக்கும். 'நரஸ்' என்றால் 'நரஸு' என்று, பஸ்ஸு போல, ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். அதிர்வொலிக்கு அடிக்கோடு போட்டுக் கொடுங்கள், படிப்பதைப் பதிவுசெய்து கேளுங்கள். அடிக்கோடு ப-வைக் காப்பாற்றியது. உகரம் மட்டும் மூன்று சுற்றுக்குப் பிறகும் போகவில்லை. இறுதி ஸ-வையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.