எந்தக் கையால் அள்ளுவான்?

நாடகக் குழு ஒன்றின் உடைப் பிரிவில் இருந்தபோது புதுசைப் பழசாக்குவதுதான் என் வேலை. சட்டை, பை, பூட்ஸ் எல்லாம் பழகிப் போயிருந்தன. கையுறையில்தான் மாட்டிக்கொண்டேன்.

கதை 1930களில் ஒரு நீராவிக் கப்பலில் நடக்கிறது. கொதிகலன் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவன் ஒருவன் வருவான். அவனுக்காக என் மேசைக்கு வந்தவை கடையில் வாங்கிய தோல் கையுறைகள், மூன்று ஜோடி. வெளிர் மஞ்சள் நிறம், முதுகில் அச்சடித்த முத்திரை, மணிக்கட்டில் எலாஸ்டிக், அதன்மேல் வெல்க்ரோ பட்டை. வெல்க்ரோவே 1950களில் காப்புரிமை பெற்ற பொருள். அதை முதலில் கழற்றினேன். முத்திரையைப் பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தால் போய்விடும். பலமாகத் தேய்த்தால் தோலின் நிறமும் சேர்ந்து போகும், அதுவும் எனக்கு லாபம்தான்.

பிறகு செய்ததுதான் கோமாளித்தனம். கிரீஸும் கறுப்புப் பெயின்ட்டும் கலந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பூசிவிட்டு, பெருமையாகக் காயப் போட்டேன். மேடைத் தச்சுவேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, இவன் சாக்கடையில விழுந்துட்டானா?”

“கரி அள்ளுறவன், அண்ணே.”

“அள்ளுன மாதிரி தெரியலையே. ஷவல எந்தக் கையால தாங்குவான்?”

தன் கையுறையைக் கழற்றி என் முன்னால் போட்டார். வலதில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் மெலிந்து பளபளத்தது. இடதில் நுனிகள்தான் நைந்திருந்தன, ஆணியைப் பிடித்துப் பிடித்து. விரல் முதுகுகள் கிட்டத்தட்டப் புதுசு. ஒரே ஆள், ஒரே ஜோடி, ஆனால் இரண்டும் வேறு வேறு. அதையே வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் சபலம் தட்டியது. ஆனால் பழைய கையுறை ஏற்கெனவே ஒருவருடைய கைக்கு வளைந்திருக்கும், அடுத்தவர் விரலுக்கு மடங்காது. ஒரே மாதிரி மூன்று ஜோடிக்கு எங்கே போவது?

சரி என்று மறுபடி ஆரம்பித்தேன். ஒரு துடைப்பக் கட்டையை ஷவல் மாதிரி பிடித்து நானே அள்ளிப் பார்த்தேன். பின்னால் இருக்கும் கை பிடியைவிட்டு நகராது, அதில் உள்ளங்கையின் அடிப்பகுதிதான் அழுந்தும். முன்னால் இருக்கும் கை கம்பின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதனால் விரல் அடிகளில் குறுக்காகத் தேயும். நெருப்புக்கு அருகில் போவதும் அதுதான், ஆகவே அதன் முதுகு கறுத்து விறைக்க வேண்டும். அந்த இடங்களில் மட்டும் உப்புத்தாள் போட்டேன். முதலில் சொரசொரப்பான 120ஆம் எண் தாள், அப்புறம் அதைவிட நயமான 220. தோலைத் தேய்த்து மெலிய வைத்தபின் அது மேடைக்குத்தான் உதவும். யாரும் அதைப் போட்டுக்கொண்டு நிஜ நெருப்புப் பக்கம் போய்விடக் கூடாது.

நிறத்துக்கு வினிகரில் இரும்பு நார் ஊறவைத்த கரைசலைத் தடவினேன். முன்பு ஒரு தோல் பெல்ட்டை நன்றாகக் கறுக்க வைத்த கரைசல், இதில் ஒன்றுமே செய்யவில்லை. அறை முழுக்கப் புளித்த வாடைதான் மிச்சம். மரப்பட்டைச் சாறு போன்றவற்றால் பதனிட்ட தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கும், இரும்பு அதோடு சேர்ந்துதான் கறுக்கும். இவையோ குரோம் உப்பில் பதனிட்டவை. வெட்டிய ஓரத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறம் அப்பட்டமாகத் தெரிந்தது, நான்தான் பார்க்கவில்லை. ஸ்பிரிட் சாயத்துக்கு மாறினேன். தோல் பழுப்பாகிவிட்டது, தையல் மட்டும் பல்லிளித்தது. பாலியெஸ்டர் நூல் அந்தச் சாயத்தை வாங்கவில்லை. கண்ணில் படும் தையல்களை மட்டும் பிரித்து, மெழுகு தடவிய பருத்தி நூலால் பழைய ஓட்டைகளிலேயே தைத்தேன். தோலில் ஒரு முறை விழுந்த ஓட்டை மூடாது. புதிதாகக் குத்தினால் தபால் தலை ஓரம் மாதிரி கிழிந்துவிடும்.

மடிப்புகளுக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கையில் மாட்டி, கம்பைப் பிடித்து உட்கார வேண்டும். பொறுமையில்லாமல் ஹேர் டிரையரைக் கிட்டே காட்டியதில் ஒரு ஜோடியில் சுண்டுவிரல் சுருங்கிக் கட்டை போல ஆகிவிட்டது. மற்றவற்றை நிழலில் காயவிட்டு, கொஞ்சம் எண்ணெயும் தேன்மெழுகும் தேய்த்து, மடிப்புகளில் கரித்தூளை அழுத்தித் துடைத்தேன்.

உடை ஒத்திகையில் நடிகர் ஷவலை எடுத்தார். வெளிச்சத்தில் கையுறைகள் அற்புதமாக இருந்தன. பக்கவாட்டில் நின்றிருந்த அண்ணன் என் முழங்கையைத் தட்டினார்.

“தம்பி, கைய மாத்திப் பிடிக்கிறாரு.”

இடக்கை முன்னால் என்று வைத்து அத்தனையும் தேய்த்திருந்தேன். அவர் வலக்கையை முன்னால் விட்டு அள்ளிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருக்கலாம். அன்று இரவு வலது உறைகளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். இடதில் தேய்த்ததைத் திரும்ப ஒட்ட வழியில்லை.