ஜூலியட்டுக்கு என்ன நோய்?

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், தான் முடிவு செய்த மணமகனை ஏற்க மறுத்து அழுதுகொண்டு நிற்கும் மகளைப் பார்த்துக் கேப்யூலட் வீசும் வசவுகளுள் ஒன்று, அன்றைய மருத்துவத்திலிருந்து வந்தது. பச்சை நோய் பிடித்த பிணமே என்று ஏசிவிட்டு, வெளுத்துப்போன அவள் முகத்தையும் பழிக்கிறார். இந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பதினான்கு வயதுகூட நிறையாத அந்தப் பெண் ரகசியமாக மணம் முடித்தவள். நாடுகடத்தப்பட்ட அவள் கணவன் அன்று விடியற்காலையில்தான் விடைபெற்றுப் போயிருக்கிறான். அவள் முகம் ஏன் வெளுத்தது என்பது அரங்கில் அமர்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பெற்ற தந்தைக்குத் தெரிந்ததோ ஒரு நோயின் பெயர் மட்டுமே.

அந்த நோய்க்கு மருத்துவ நூல்களில் நிலையான இடம் இருந்தது. யோஹான்னஸ் லாங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1554-இல் அச்சான ஒரு கடிதத்தில் அதன் குறிகளை விவரிக்கிறார்: முகம் வெளுக்கும், இதயம் படபடக்கும், மாடிப்படி ஏறினாலோ நடனமாடினாலோ மூச்சு வாங்கும், இறைச்சியைக் கண்டாலே வெறுப்பு வரும். இரத்தசோகையின் குறிகளாக இவற்றைப் பின்னாளில் பலர் விளக்கினார்கள். மாதவிடாய் இரத்தம் வெளியேற வழியின்றித் தேங்குவதே காரணம் என்று கருதிய லாங்கே, திருமணத்தையே மருந்தாகச் சொன்னார். அந்தக் கடிதம் நோயுற்ற பெண்ணுக்கு எழுதப்பட்டதன்று, அவளுடைய தந்தைக்கு எழுதப்பட்டது. அவள் தன் உடலைப் பற்றி என்ன சொன்னாள் என்பதை அறிய நமக்கு வழியே இல்லை.

இதைவிட அச்சமூட்டியது கருப்பை மூச்சடைப்பு எனப்பட்ட நோய். கருப்பை மேலெழும்பியோ, அதிலிருந்து கெட்ட ஆவி கிளம்பியோ நெஞ்சை அழுத்துவதாக நம்பிய மருத்துவர்கள், எரித்த இறகின் நாற்றத்தை மூக்கருகே பிடித்தும் நறுமணத்தைக் கீழே காட்டியும் கருப்பையை அதன் இடத்துக்குத் திருப்ப முயன்றார்கள். 1602-இல் லண்டனில் மேரி குளோவர் என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு வலிப்பும் பேச்சடைப்பும் வந்தபோது, எலிசபெத் ஜாக்சன் என்ற ஏழை மூதாட்டி சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டாள். இது இயற்கையான நோயே என்று மருத்துவர் எட்வர்ட் ஜோர்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். குணப்படுத்துவீரா என்று நீதிபதி கேட்டதற்கு அவரால் உறுதி தர இயலவில்லை, ஜாக்சன் தண்டிக்கப்பட்டாள். மறு ஆண்டே ஜோர்டன் அந்நோயைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். மனக்கலக்கமும் நோய்க்குக் காரணமாகலாம் என்று எழுதிய அவரை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு பெண்ணைச் சூனியப் பழியிலிருந்து காக்க முனைந்தவருக்குக் கிடைத்த விளக்கம், இன்னொரு பெண்ணின் கருப்பையாகவே இருந்தது என்பது என்னை வருத்துகிறது.

ஜான் வெப்ஸ்டரின் 'மால்ஃபி சீமாட்டி' நாடகத்தில் இதே நோயின் பெயர் நோயாளியின் வாயிலிருந்தே வருகிறது. விதவையான சீமாட்டி மறுமணம் செய்யக்கூடாது என்று சகோதரர்கள் தடுத்திருக்க, அவள் தன் அரண்மனை நிர்வாகியை ரகசியமாக மணந்து கருவுற்றிருக்கிறாள். உளவாளி போசோலா அவளுடைய வெளிறிய தோற்றத்தையும் தளர்ந்த உடையையும் கவனித்துவிட்டு, சோதித்துப் பார்ப்பதற்காகப் பருவம் முந்தியே பழுத்த ஆப்ரிகாட் பழங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறான். மூச்சு வாங்கியபடியே, கருப்பை நோய் தன்னை வாட்டுவதாக அவள் சொல்கிறாள். பிறகு பழங்களை ஆசையாக உண்கிறாள், உண்டதும் பிரசவ வலி தொடங்கிவிடுகிறது. வெளிறிய முகம், மூச்சிரைப்பு, எரிச்சல், பழத்தின் மீதான பெருவிருப்பம் என ஒரு மருத்துவரின் கண்கொண்டே போசோலா கணிக்கிறான். அவன் கணிப்பு சரியாகவும் இருக்கிறது. ஆனால் அவன் அறிந்துகொள்வது அவளைக் காக்க அன்று, காட்டிக்கொடுக்க. தன்னைக் கண்காணிப்பவர்கள் நம்பக்கூடிய ஒரு நோயின் பெயரை அவள் திரையாகப் பிடிக்கிறாள் என்றே அந்த வரியை நான் வாசிக்கிறேன்.

ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தில் லியரும் இதே நோய் தன் நெஞ்சை நோக்கி எழுவதாகக் கதறுகிறார். தான் அனுப்பிய தூதன் காலில் விலங்குக்கட்டையோடு கிடப்பதைக் கண்ட வேளை அது. கருப்பையே இல்லாத கிழவரின் அவமானமும் துயரமும் அந்தப் பெயருக்குள் வந்து அடங்குகின்றன. அவரைக் கேட்கும் எவரும் காரணத்தை உடலில் தேட மாட்டார்கள்.

ஷேக்ஸ்பியரும் ஜான் ஃபிளெட்சரும் சேர்ந்து எழுதிய 'இரு உயர்குல உறவினர்கள்' நாடகத்தில் வரும் சிறைக்காவலரின் மகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. கைதி பாலமோனைக் காதலித்து, தானே அவனைத் தப்பவிட்டு, கைவிடப்பட்டு மனம் கலங்கிய அவளுக்கு, அவளை விரும்பும் இளைஞன் பாலமோனாக நடித்து அவளோடு கூடட்டும் என்று மருத்துவர் வழி சொல்கிறார். தந்தை தயங்க, முதலில் குணமாகட்டும் என்று அவர் வற்புறுத்துகிறார். அந்தக் காட்சிக்குப் பின் அவள் மேடைக்கு வருவதே இல்லை. அவள் தேறிவிட்டாள், விரைவில் திருமணம் என்ற செய்தியைத் தந்தைதான் சொல்கிறார். நாடகம் முழுவதும் அவளுக்கு ஒரு பெயர்கூடத் தரப்படவில்லை. இதைக் குணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அவள் வாயால் ஒரு சொல் வந்திருந்தால் ஏற்றிருப்பேன்.