சூரியப் புள்ளியிலிருந்து கிளம்பும் வாயு எங்கே போகிறது?

2001 மார்ச் கடைசி வாரம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காகக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அந்த வாரம் சூரியனின் முகத்தில் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஏறி வந்தது. அதற்கு 9393 என்று எண். பூமியின் மொத்தப் பரப்பைப் போல 13 மடங்கு பரப்பு. கிரகணம் பார்க்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றாலே தெரிந்தது. நல்ல புள்ளி கிடைக்குமா என்று மாதக்கணக்கில் ஏங்கியவளுக்கு அது வரம்.

அங்கே இருக்கும் சுரங்கத் தொலைநோக்கியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் 60 செ.மீ. கண்ணாடிகள். அவை சூரிய ஒளியைக் கீழே இறக்கி, பூமிக்கடியில் 60 மீட்டர் நீளம் போகும் ஒரு சுரங்கத்துக்குள் திருப்பிவிடும். வழியில் 38 செ.மீ. லென்ஸ் ஒன்று. கடைசியில் 34 செ.மீ. அகலத்தில், ஒரு தாம்பாளம் அளவுக்குச் சூரியன் வந்து விழும். அந்த அளவில் நம் பூமி 3 மில்லிமீட்டர்தான், ஒரு கொத்தமல்லி விதை. முதல் நாள் அந்த வெளிச்சத் தட்டின் மேல் என் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்தேன். மூன்று பூமி மறைந்தது.

காலை ஏழிலிருந்து பத்து வரைதான் வேலை. அதற்கப்புறம் தரை சூடேறி, பிம்பம் கானல் மாதிரி ஆட ஆரம்பித்துவிடும்.

என் ப்ராஜெக்ட் எவர்ஷெட் விளைவு. 1909 ஜனவரியில் இதே மலையில் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது. இங்கிலாந்தில் வெகுகாலம் தன் ஆர்வத்துக்காக வானியல் செய்துகொண்டிருந்தவர், 1907-ல் கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்தார். அதற்கு அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஹேல் என்ற வானியலாளர், சூரியப் புள்ளிகளுக்குள் வலுவான காந்தப்புலம் இருப்பதைக் காட்டினார். புள்ளி என்பது பெரிய சுழல்காற்று, மின்னேற்றம் கொண்ட வாயு சுற்றுவதால்தான் காந்தம் பிறக்கிறது என்பது அப்போதைய நம்பிக்கை. எவர்ஷெட்டும் அந்தச் சுழற்சியைத் தேடித்தான் நிறமாலை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டை, எடுத்தார். கிடைத்தது வேறு.

அவர் யோசித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வகுப்பில் இதை நெற்களத்தை வைத்துச் சொல்வேன். களத்து ஓரத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். மாடுகள் வட்டமாகச் சுற்றிப் போரடிக்கின்றன. ஒரு பக்கத்து மாடு உங்களை நோக்கி வரும், எதிர்ப்பக்கத்து மாடு விலகிப் போகும். உங்களுக்கு மிக அருகிலும் மிகத் தொலைவிலும் இருப்பவை குறுக்கே கடக்கும். சரி, இப்போது மாடுகளை அவிழ்த்துவிடுங்கள். களத்தின் நடுவில் மேயும் கோழிகளுக்கு இடையே ஒரு கல் விழுகிறது. கோழிகள் எல்லாத் திசையிலும் சிதறும். அருகில் இருப்பவை உங்களை நோக்கி ஓடிவரும், தொலைவில் இருப்பவை விலகி ஓடும். இடமும் வலமும் இருப்பவை குறுக்கே போகும்.

சூரியனின் விளிம்புப் பக்கம் இருக்கும் புள்ளியை நாம் அப்படித்தான் சாய்வாக, களத்து ஓரத்திலிருந்து பார்க்கிறோம். நம்மை நோக்கி வரும் வாயு நிறமாலையில் பதிக்கும் கருங்கோடு ஊதாப் பக்கம் நகரும், விலகிப் போவது சிவப்புப் பக்கம் நகரும். அதுதான் டாப்ளர் விளைவு. எவர்ஷெட் பார்த்தபோது, சூரிய மையத்தை நோக்கிய புள்ளியின் பாதி ஊதாப் பக்கமும், விளிம்பை நோக்கிய பாதி சிவப்புப் பக்கமும் நகர்ந்திருந்தன. குறுக்குவாட்டில் நகர்வே இல்லை. சூரியனின் நடு மையத்துக்கு வந்த புள்ளியிலும் நகர்வு இல்லை, ஆகவே வாயு மேலும் கீழும் போகவில்லை, தரையோடு படுத்து ஓடுகிறது. மாடுகள் இல்லை, கோழிகள். வாயு சுற்றவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளியே ஓடுகிறது. தேடிப் போனதை ஒதுக்கிவிட்டு, கருவி காட்டியதை அப்படியே அந்த வருஷமே ஆய்வக வெளியீட்டில் எழுதினார். அந்த நேர்மை எனக்குப் பெரிய விஷயம்.

என் அளவீட்டுக்கு வருகிறேன். வேகம் நொடிக்குச் சுமார் 2 கி.மீ. மணிக்கணக்கில் 7,200 கி.மீ. கேட்கப் பெரிதுதான், ஆனால் ஒளியின் வேகத்தோடு வைத்தால் ஒன்றுமில்லை. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. 6302 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இரும்பு பதிக்கும் கோடு 0.04 ஆங்ஸ்ட்ராம் நகரும், அவ்வளவுதான். அங்கே இருக்கும் 18 மீட்டர் நிறமாலைமானி ஒரு ஆங்ஸ்ட்ராமை 9 மில்லிமீட்டராக விரித்துக் காட்டும். அதிலும் அரை மில்லிமீட்டர்கூட வராது. மார்ச் 28 வாக்கில் 9393 சூரியனின் நடுக்கோட்டைக் கடந்தபோது நகர்வு இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. புள்ளி மேற்கு நோக்கிப் போகப் போக, 31-ம் தேதி நேராக இருக்க வேண்டிய கருங்கோடு புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் வளைந்து, ஒரு பக்கம் ஊதாவுக்கும் மறுபக்கம் சிவப்புக்குமாகச் சாய்ந்திருந்தது. புத்தகத்தில் பார்த்த படம்தான். ஆனால் அன்றைக்குக் காலை ஒளி சூரியனை விட்டுக் கிளம்பி எட்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. உடம்பு சிலிர்த்தது.

அந்த வார இறுதியில் வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன். டம் டம் பாறை வளைவில் வழக்கம்போலத் தலைசுற்றல். அதையும் மீறி, யாரிடமாவது இதைச் சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பு. வீட்டில் அப்பத்தாதான் இருந்தது.

அப்பத்தாவின் முதல் கேள்வி: “மழ வருமான்னு ஏதாச்சும் சொன்னாகளா?”

அது சரியான கேள்வி. கொடைக்கானலில் அந்த ஆய்வகம் வந்ததற்கே மழைதான் காரணம். எங்கள் பக்கம் இன்னும் தாது வருஷம் என்று சொல்வோமே, 1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம், சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1899-ல் ஆய்வகம் மலைக்கு வந்தது. அப்பத்தாவின் பாட்டி தாது வருஷத்தில் பிழைத்தவர். புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்ற கதையை அவர் வாயால் கேட்டு வளர்ந்தது அப்பத்தா. அந்த மழை பொய்த்ததில் பசிபிக் கடலின் எல் நினோவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இன்றைக்குத் தெரிகிறது. அதே நேரத்தில் கப்பல் கப்பலாகத் தானியத்தை வெளியே அனுப்பியது மனிதர்கள் செய்தது. அதைச் சூரியப் புள்ளியின் தலையில் கட்ட எனக்கு மனம் வராது.

“மழையப் பத்திச் சொல்லல அப்பத்தா. அந்தப் புள்ளியிலருந்து காத்து வெளிய ஓடுது. மணிக்கு ஏழாயிரம் கிலோமீட்டர்.”

கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றது. “ராவும் பகலும் ஓடுதா?”

“ஆமா. புள்ளி இருக்கிற வரைக்கும்.”

“அம்புட்டும் எங்கத்தா போகுது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வாயு இயக்கவியலில் முதல் சமன்பாடே தொடர்ச்சிச் சமன்பாடு: ஓரிடத்திலிருந்து போனது எங்கேயாவது சேர வேண்டும், போன இடத்துக்கு எங்கிருந்தாவது வர வேண்டும். எழுத்து தெரியாத அப்பத்தா வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிய அனுபவத்திலிருந்து நேராக அங்கே வந்து நின்றது. நானோ திசைவேகத்தை அளந்த சந்தோஷத்தில் அதை மறந்திருந்தேன்.

திரும்பிப் போய் எனக்கு வழிகாட்டியவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பல கட்டுரைகளை எடுத்துக் கொடுத்தார். ஓட்டம் புள்ளியைச் சுற்றியுள்ள சாம்பல் வளையமான புறநிழலின் வெளி ஓரத்தோடு பெரும்பாலும் அறுந்துபோகிறது என்பதுதான் புதிரே. அதற்கு மேலே, சூரியப் பரப்புக்கு மேலுள்ள மெலிந்த அடுக்கான நிறமண்டலத்தில் வாயு தலைகீழாகப் புள்ளியை நோக்கி உள்ளே ஓடுகிறது. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் செயின்ட் ஜான் 1913-லேயே இதை அளந்திருக்கிறார். ஆனால் மேலே வாயு மிக மெலிது, கீழே போவதை ஈடுகட்ட அது போதாது. 1968-ல் மேயரும் ஷ்மிட்டும் ஒரு வழி சொன்னார்கள்: வளைந்த காந்தக் குழாயின் இரண்டு முனைகளில் அழுத்தம் வேறாக இருந்தால், டிரம்மில் ட்யூப் போட்டு உறிஞ்சிவிட்ட தண்ணீர் போல வாயு ஓடும். அழகான யோசனை. என் ப்ராஜெக்ட் அறிக்கையில் அதைத்தான் எழுதினேன்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய எங்கள் பிம்பம் போதாது. அதில் 1 மில்லிமீட்டர் என்பது 4,000 கி.மீ. புறநிழலின் இழைகளோ சில நூறு கி.மீ. அகலம். 2006-ல் ஜப்பான் அனுப்பிய ஹினோடே செயற்கைக்கோள், காற்றின் ஆட்டம் இல்லாத இடத்திலிருந்து 50 செ.மீ. தொலைநோக்கியால் அந்த இழைகளைப் பார்த்தது. 2009-ல் ரெம்பலும் கூட்டாளிகளும் முழுப் புள்ளியையே கணினிக்குள் உருவாக்கிக் காட்டினார்கள். ஒவ்வொரு இழையும் தனித்தனி கொதிப்பு. புள்ளியின் மையத்தை நோக்கிய முனையில் சூடான வாயு கீழேயிருந்து ஏறுகிறது. சாய்ந்து கிடக்கும் காந்தக் கோடுகள் அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகின்றன. இழையோடு வெளியே ஓடி, வழியில் வெப்பத்தை இழந்து, வெளி முனையில் திரும்பச் சூரியனுக்குள் மூழ்குகிறது. சில இடங்களில் அங்கே வாயுவின் வேகம், அந்த வாயுவுக்குள் ஒலி போகும் வேகமான நொடிக்கு 7 கி.மீ.யையும் தாண்டுகிறது.

நான் இப்போது திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கட்டுரைகளை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்து முடித்த அன்று, அப்பத்தா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. இருந்திருந்தால் கமலையை வைத்துச் சொல்லியிருப்பேன்: கிணற்றிலிருந்து ஏறுது, வாய்க்காலோட ஓடுது, வயலுக்குள்ள இறங்கிடுது அப்பத்தா. வெளிய எங்கயும் போகல.