தட்டில் காலியான இடம்

இறைச்சியை நான் இரண்டு முறை விட்டிருக்கிறேன். முதல் முறை ஐந்து மாதம்தான் தாங்கியது. இரண்டாவது முறை தொடங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டது. நடுவில் என் மனசு மாறவில்லை, சமையல்தான் மாறியது.

காரணம் சின்னதுதான். எங்கள் நாய்க்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்த இரவு, கால்நடை மருத்துவமனை வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பசுவைக் கட்டியிருந்தார்கள். காலொடிந்த அதன் கன்று உள்ளே இருந்தது. கன்று கத்தும்போதெல்லாம் பசு கயிறு விறைக்கும் அளவுக்கு அந்தப் பக்கம் இழுத்தது. உள்ளே ஏதாவது சத்தம் கேட்டால் நானும் எழுந்து நின்றேன். மறுநாள் மதியம் தட்டில் இருந்த துண்டை எடுக்கக் கை போகவில்லை. பாலையும் முட்டையையும் சேர்த்தே விட்டேன்.

அந்த முதல் முறை நான் செய்தது விடுவதை மட்டும்தான். வீட்டில் மற்றவர்களுக்குச் சமைத்ததில் இறைச்சியை ஒதுக்கிவிட்டு, சோற்றையும் காய்கறியையும் சாப்பிட்டேன். நாலு மணிக்கெல்லாம் பசி எடுக்கும். பிஸ்கட், ரொட்டி, மறுபடி பிஸ்கட். மூன்றாம் மாதம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின், அதாவது உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு, 9. “வாரம் ஒரு நாள் ஈரல் சாப்பிடுங்க, சரியாயிடும்” என்றார் மருத்துவர். என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. திரும்பவும் சாப்பிட ஆரம்பித்தேன். முதல் வாய் ருசியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தப் பசு மனசைவிட்டுப் போகவில்லை. அதனால் இந்த முறை வேறு கேள்வி கேட்டேன்: இத்தனை வருடம் என் தட்டில் இறைச்சி என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது? அந்த வேலைகளை இனி யார் செய்வது?

புரதம் நான் பயந்த அளவுக்குச் சிக்கலாக இல்லை. பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான கணக்கு. என் எடை 56 கிலோ, ஆகவே நாளுக்கு 45 கிராம். வேகவைத்த பருப்பு ஒரு கோப்பையில் சுமார் 18 கிராம் கிடைக்கிறது. 50 கிராம் சோயா உருண்டையில் 25-க்கு மேல். தானியத்தில் லைசின் என்ற புரதக்கூறு குறைவு, பருப்பில் அது தாராளம். இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்தே சாப்பிட வேண்டும் என்று முன்பு நம்பியிருந்தேன். ஒரு நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும். பயறு வகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினேன். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வயிற்று உப்புசம் குறைகிறது. சில வாரங்களில் குடலும் பழகிக்கொண்டது.

என்னைக் கவிழ்த்தது இரும்புச்சத்து. இறைச்சியில் உள்ள இரும்பின் ஒரு பகுதி ஹீம் வகை, உடல் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். செடிகளில் இருப்பது அப்படியல்ல, கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஏறும் இறங்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு 1.8 மடங்கு இரும்பு தேவை என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்வதும் அதனால்தான். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு பெரிய டம்ளர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தேநீரிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுகிறேன். பருப்பில் கடைசியாக எலுமிச்சை பிழிகிறேன், இல்லையென்றால் பச்சையாகக் குடைமிளகாய். வைட்டமின் சி கூட இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். பயறை முளைகட்டினால் இரும்பைத் தடுக்கும் பைட்டேட்டும் குறைகிறது. கீழே போன சேமிப்பை நிரப்ப, வேறொரு மருத்துவரின் ஆலோசனையில் மூன்று மாதம் மாத்திரையும் எடுத்தேன். போன மாதம் ஃபெரிட்டின் 41.

தாவர உணவில் கிடைக்காத வைட்டமின் பி12 பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் சரிசெய்ய முடியாமலே போகலாம். தோழி ஒருத்தி பல வருடங்களாக மாத்திரை எதுவும் இல்லாமல் தாவர உணவு மட்டும் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தாள். பிறகு பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. நம் ஈரலில் பி12 வருடக்கணக்கில் சேமிப்பாக இருக்கும். ஆகவே “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பது எதையும் நிரூபிப்பதில்லை. காய்கறியிலும் பயறிலும் ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமின் நிறைய இருப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமல், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

மாத்திரை என்றாலே எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. மாத்திரை இல்லாமல் முடியாத உணவு இயற்கையானதா என்று வீட்டிலும் கேட்டார்கள். அதற்குப் பதில் தேடிப் படித்தபோதுதான், அந்த மருத்துவர் சொன்ன ஈரலுக்கு ஒரு பெரிய வரலாறு இருப்பது தெரிந்தது. உயிரைக் கொல்லும் ஒரு வகை ரத்தசோகைக்கு 1920-களில் நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் கொடுத்து உயிர் பிழைக்க வைத்தார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்காக விப்பிள், மைனட், மர்ஃபி மூவருக்கும் 1934-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் வேலை செய்த பொருள் பி12 என்று பிரித்தெடுத்தது 1948-இல்தான். அதைச் செய்வது மாடு அல்ல, மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர். மாத்திரைக்கான பி12-ஐத் தயாரிப்பதும் நுண்ணுயிர்களை வளர்த்துத்தான். படித்துவிட்டு மாத்திரை டப்பாவைச் சமையலறை அலமாரியில், உப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

சத்தெல்லாம் சரியான பிறகும் நாக்கு கேட்டது. இங்கேதான் நான் சமைக்கவே கற்றுக்கொண்டேன். நான் ஏங்கியது இறைச்சிக்கா, அதன் வறுபட்ட மணத்துக்கும் நாக்கில் தங்கும் அந்த ஆழமான சுவைக்குமா என்று யோசித்தேன். அந்தச் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்தவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா, 1908-இல். அவர் அதைக் கண்டெடுத்தது கடற்பாசிச் சாற்றிலிருந்து, குளுட்டமேட் என்ற பொருளாக. தக்காளியிலும் சோயா சாஸிலும் அது உண்டு. காய்ந்த காளானில் அந்தச் சுவையைப் பெருக்கிக் காட்டும் இன்னொரு பொருள் இருக்கிறது, அதனால் காளான் ஊறிய தண்ணீரை நான் கொட்டுவதே இல்லை.

வறுபட்ட மணத்துக்குப் பொறுமை வேண்டும். காளானைச் சட்டியில் நெருக்கிப் போட்டால் வெந்துவிடும், வறுபடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் முழுக்க வற்றி ஓரம் பழுப்பாகும்வரை கிளறாமல் விட வேண்டும். சோயா உருண்டையை வெந்நீரிலிருந்து எடுத்து, கை வலிக்கப் பிழிந்து, எண்ணெயில் நிறம் மாறும்வரை வறுத்துவிட்டு, அப்புறம்தான் மசாலா. தக்காளியை எண்ணெய் பிரியும்வரை வதக்குவது எல்லாருக்கும் தெரியும். நான் அதற்கு மேலும் பத்து நிமிடம் விடுகிறேன், அடி கொஞ்சம் பிடித்து இருண்டுவரும்போது ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுச் சுரண்டி எடுக்கிறேன். முதன்முதலாக அப்படிச் செய்த குழம்பை நின்றுகொண்டே, சட்டியிலிருந்தே சாப்பிட்டேன். எதையோ விட்டுக்கொடுத்த உணர்வு அன்றைக்கு இல்லை.

அம்மா வீட்டுக்குப் போகும்போதுதான் கஷ்டம். எனக்குப் பிடித்ததைச் செய்து வைத்துக் காத்திருப்பது அவள் வழக்கம். “உனக்கு என்னதான்டி செய்யறது?” என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது. இப்போது போன உடனே அவளோடு அடுப்படியில் நின்றுவிடுகிறேன். மசாலா அவள் அரைக்கிறாள், காளான் நான் வறுக்கிறேன். வருத்தம் முழுதும் போகவில்லை, இரண்டு பேருக்குமே.

என் வீட்டில் கணவரும் மகனும் இன்னும் இறைச்சி சாப்பிடுகிறார்கள். அவர்களாக நினைத்தால்தான் விட வேண்டும், என் முகத்துக்காக அல்ல. ஆனால் போன வருடம் ஒன்று கேட்டேன்: சாப்பிடுகிறவர்களே சமைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் அடுப்பில் நிற்கிறார். இறைச்சியைக் கழுவி நறுக்கும் வேலை பதினைந்து வயது மகனுடையது. அந்த நேரம் நான் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போய்விடுகிறேன்.