ஆர்மோனியத்துக்குத் தலையாட்டிய எட்டாம் நம்பர்

ஸ்பெஷல் நாடகத்துக்கு லைட் போடுற மாதிரி வம்பான வேலை எதுவும் கிடையாது. நடிக்கிறவங்களே அன்னிக்கு ராத்திரிதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்குறாங்க. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேற எங்கிருந்தோ பஸ் புடிச்சு வருவார். ரிகர்சல்ங்கிற பேச்சே இல்லை. கதை எல்லாருக்கும் அத்துப்படி, மைக்கைப் புடிச்சா விடிய விடிய ஓடும். லைட்காரன் மட்டும் எது எப்போ வரும்னு தெரியாம லைட்டை இயக்குற போர்டு முன்னாடி முழிச்சுக்கிட்டு உக்காரணும்.

இந்தப் பங்குனியில சிங்கம்புணரிப் பக்கம் ஒரு கிராமம். சவுண்டு வேற பார்ட்டி, லைட்டு நாங்க. கலர் மாத்துற எல்.இ.டி. பார் லைட் எட்டு, தலையைத் திருப்பித் திருப்பி ஒல்லியா வெளிச்சம் வீசுற ஷார்ப்பி ரெண்டு, ஒரு புகை மெஷின். மேடை முன்னாடி பார் லைட்டையெல்லாம் வரிசையா தரையில வச்சு, பின்பக்க டிஸ்பிளேல நம்பர் போட்டுக்கிட்டு இருந்தான் நம்ம பையன். விழாக் கமிட்டிப் பொருளாளர் குத்தவச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார். தலையாரியா இருந்து ரிட்டையர் ஆனவர்.

“தம்பி, முதல் லைட்டுக்கு 1ன்னு வைக்கிறான். அடுத்ததுக்கு 17ங்கிறான். அதுக்கடுத்து 33. நடுவுல உள்ள நம்பரெல்லாம் எங்கப்பா போச்சு?”

வாடகையை முடிவு பண்ற மனுஷன், பதில் சொல்லாம இருக்க முடியாது. டி.எம்.எக்ஸ். 512ன்னு 1986ல அமெரிக்கத் தியேட்டர்காரங்க போட்ட கணக்கு ஐயா இது, ஒரு வயர்ல 512 சேனல் போகும், ஒவ்வொரு சேனலும் 0லேருந்து 255 வரைக்கும் ஒரு அளவைச் சொல்லும்னு ஆரம்பிச்சேன். நம்மகிட்ட இருக்கிறது சின்ன போர்டு, அதுல 192 சேனல்தான். அதையும் கம்பெனிக்காரனே 12 பங்காப் பிரிச்சு, லைட்டுக்கு 16ன்னு ஒதுக்கி வச்சுட்டான். பையன் வைக்கிற நம்பர் அந்தப் பங்கோட முதல் சேனல். நம்ம பாருக்குத் தேவை 7தான். மொத்த வெளிச்சத்துக்கு ஒன்னு, சிவப்பு, பச்சை, நீலம், படபடன்னு வெட்டுறதுக்கு ஒன்னு, மிச்சம் ரெண்டு தானா கலர் மாத்துறதுக்கு.

பெரியவர் கொஞ்சம் யோசிச்சார்.

“அப்போ ஆளுக்கு 16 சென்ட் பட்டா போட்டிருக்கு. இவன் 7 சென்ட்ல வீட்டைக் கட்டிட்டு 9 சென்ட்டைத் தரிசாப் போட்டு வச்சிருக்கான்.”

எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவர்கூட இவ்வளவு தெளிவாச் சொன்னதில்லை.

“ஷார்ப்பி?”

“அதுக்கு 16ம் வேணும் ஐயா.”

“கெட்டிக்காரன். வேலிக்குக்கூட இடம் விடல பாரு. சரி, ரெண்டு லைட்டுக்கு ஒரே நம்பரை வச்சா?”

“ரெண்டும் ஒன்னுபோலவே எரியும். சண்டையெல்லாம் வராது.”

“கூட்டுப் பட்டா. ஆனா சண்டை வராதுங்கிற பாரு, அதைத்தான் நம்ப முடியல.”

பையன் முடிச்சதும் எல்லாத்தையும் மேல ஏத்திக் கட்டி, போர்டை ஆன் பண்ணோம். ஒரு லைட்டும் எரியல. சுத்தி நின்ன கூட்டம் ‘அவ்வளவுதானா’ங்கிற மாதிரி பாத்துச்சு. இந்த மாதிரி போர்டெல்லாம் கண்ணு முழிக்கும்போதே பிளாக் அவுட்ல, அதாவது எல்லா லைட்டையும் அணைச்சு வச்சபடிதான் முழிக்கும். பிளாக் அவுட் பட்டனை ஒருதடவை அழுத்தி எடுத்தா சரியாயிரும். எடுத்தேன், எரிஞ்சது, விசில் பறந்துச்சு. நடுவுல சவுண்டுக்காரர் எங்க கேபிள்ல ஒன்னை உருவி மைக்குக்குச் சொருகிட்டார். ரெண்டுக்கும் அதே மூணு பின்னுதான், யார் வீட்டுதுன்னு கேபிளுக்கா தெரியும்? திருப்பி வாங்குறதுக்குள்ள எட்டரை ஆயிருச்சு.

பத்தரைக்கு ஆர்மோனியம் எடுத்தாங்க. எட்டாம் நம்பர் பார் தானா நீலத்துக்குப் போச்சு. மிருதங்கம் ஒரு தட்டுத் தட்டுச்சு. பச்சை. போர்டுல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை இறக்கினேன், ஏத்தினேன். அது என்னைச் சட்டையே பண்ணல.

அந்த லைட்டுக்குள்ள பொடிசா ஒரு மைக் உண்டு. சவுண்டு மோடுல போட்டா போர்டு சொல்றதை விட்டுட்டு, காதுல விழுற சத்தத்துக்கு ஆடும். சாயங்காலம் தோரணம் கட்ட ஏணி போட்டவர் எந்தப் பட்டன்ல கையை ஊன்றினாரோ தெரியாது. கேபிள் வரிசையில அது கடைசி லைட்டா இருந்தது நம்ம நல்ல நேரம். நடுவுல இருந்திருந்தா, சில மாடல்ல, தானே மாஸ்டர்னு நினைச்சுக்கிட்டு பின்னாடி இருக்கிறதையும் சேத்து ஆட்டும். ஏறி மாத்தலாம்னா மூங்கில் காலடியில சனம் பாயை விரிச்சுப் படுத்திருச்சு. அத்தனை பேரையும் எழுப்பினா நமக்குத்தான் சாமி ஆடும்.

பபூன் வந்தார். முதல் தும்மல்லயே லைட் மாறினதைக் கவனிச்சுட்டார். கையைத் தட்டினார், சிவப்பு. தொண்டையைச் செருமினார், மஞ்சள். கூட்டத்தைப் பாத்து, “எங்க வீட்டுல, எங்க ஊர்ல, எங்கயும் கிடையாது. நான் சொல்றதைக் கேக்குறதுக்குன்னு இன்னிக்குத்தான் ஒரு சீவன் கிடைச்சிருக்கு”ன்னார். அப்புறம் லைட்டுக்குக் கீழ போய்ப் பவ்யமா நின்னு, பூனைக்குட்டி மாதிரிக் கேட்டார்: “சாமி, கமிட்டி பேசுன பணத்தை முழுசாக் குடுக்குமா?”

சத்தமே இல்லை. லைட் அப்படியே நின்னுச்சு.

“கழிச்சுக்கிட்டுத்தான் குடுப்பாங்களா?”ன்னு ஒரு கத்து. மிருதங்கக்காரரும் சேந்து ஒரு போடு போட்டார். எட்டாம் நம்பர் சிவப்பு, நீலம், பச்சைன்னு பேயாட்டம் ஆடிருச்சு. பந்தலே குலுங்குச்சு. சட்டையில குத்திவிட ஆளாளுக்கு அம்பதும் நூறுமா எடுத்துக்கிட்டு மேடைக்கு ஓடுனாங்க. பேர் வாசிச்சு வாசிச்சே கால் மணி நேரம் போச்சு.

நாரதர்தான் பாவம். மூத்த நடிகர், நல்ல குரல். உருகி விருத்தம் பாடுறார், அவர் சுதி ஏற ஏற மண்டைக்கு மேல ரெக்கார்டு டான்ஸ் லைட். பாட்டுக்கு நடுவுலயே என்னை முறைச்சார். பயந்துபோய் பிளாக் அவுட்டை அழுத்தினேன். ஏழு பாரும் ரெண்டு ஷார்ப்பியும் பொட்டுன்னு அணைஞ்சது. கும்மிருட்டுல எட்டு மட்டும் தனியா ஆடுது. முறைப்பு இன்னும் பலமாச்சு. பட்டனை எடுத்துவிட்டுட்டுக் கும்புடு போட்டேன்.

காலையில கணக்கு. பொருளாளர் நோட்டை எண்ணிக்கிட்டே, “ஒரு லைட் நம்ம பேச்சைக் கேக்கல. அதுக்கு முன்னூறு கழிச்சிருக்கேன்”ன்னார்.

“ஐயா, அந்த லைட்டை வச்சுத்தானே பபூனுக்கு அவ்வளவு வசூலாச்சு?”

“அப்போ முன்னூறை அவர்கிட்ட வாங்கிக்க.”

பபூன் பக்கத்துலதான் தேங்காயெண்ணெயைத் தடவி அரிதாரத்தைத் துடைச்சுக்கிட்டு இருந்தார். “அண்ணே, நாளைக்குத் திருப்பத்தூர்ப் பக்கம் நாடகம். அந்த ஒத்த லைட்டு மட்டும் வாடகைக்கு வருமா?”

“ஐநூறு ஆகும்ணே.”

“ஒரு லைட்டுக்கு ஐநூறா? என்ன, வசனமா பேசுது?”