பத்தாம் திகதிக்குள்ளா, பத்தாம் திகதி வரையா?

மருதமுனையிலிருந்து ஒரு மாணவி சனிக்கிழமைகளில் கல்முனை பஸ் பிடித்துக் கல்லடிக்கு வருகிறாள், என்னிடம் ஆங்கிலம் படிக்க. வீட்டில் தறி இருக்கிறது. நெய்த சாரிகளை வெளியூர்க்காரருக்கு வட்ஸ்அப்பில் பேசி விற்பது அவள் பொறுப்பு.

போன கிழமை வந்ததும் வராததுமாகக் கைபேசியை நீட்டினாள். "சேர், இதில் என்ன பிழை?"

கொழும்பில் ஒருவர் பன்னிரண்டு சாரி கேட்டிருந்தார். பத்தாம் திகதிக்குள் அனுப்பிவிடுவோம் என்று சொல்ல நினைத்தவள், 'வீ வில் சென்ட் த சாரீஸ் அன்டில் த டென்த்' என்று எழுதியிருந்தாள். அந்த மனிதர் மூன்றாம் திகதியிலிருந்தே, "இன்றைய சாரி எங்கே?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பத்தாம் திகதி வரை ஒன்றிரண்டாக வந்துகொண்டேயிருக்கும் என்று விளங்கிக்கொண்டாராம். அவரில் குறையில்லை. எழுதியிருந்ததற்கு அதுதான் அர்த்தம்.

எழுதியிருக்க வேண்டியது 'பை த டென்த்'. (தமிழில் எழுதினால் சந்தைக்குக் கொண்டுபோகும் பை போலத்தான் தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தமிழில் அவள் இந்த இரண்டையும் ஒருநாளும் குழப்பமாட்டாள். 'பத்தாம் திகதி வரை நெய்வோம்' என்றால் வேலை நீள்கிறது. 'பத்தாம் திகதிக்குள் நெய்துவிடுவோம்' என்றால் முடிகிறது. அன்டில் நீளும் வினையோடு சேரும், பை முடியும் வினையோடு. இன்னொன்றும் பாருங்கள். 'அவர் வரும்வரை' என்று வினையோடு நேரே ஒட்டலாம். 'வரும்க்குள்' என்று சொல்ல வாய் வராது. வினையைப் பெயராக்கி, 'வருவதற்குள்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலும் அதே கதை. 'அன்டில் ஹீ கம்ஸ்' சரி, 'பை ஹீ கம்ஸ்' பிழை. நடுவில் 'த டைம்' என்றொரு பெயர்ச்சொல் வந்து 'பை த டைம் ஹீ கம்ஸ்' ஆனால்தான் வாக்கியம் நிற்கும். இத்தனை வருடம் படிப்பித்தும் இந்த ஒற்றுமை அன்றுதான் என் கண்ணில் பட்டது.

அந்த உற்சாகத்தில், "முதலில் தமிழில் சொல்லிப் பார். 'வரை' வந்தால் அன்டில், 'க்குள்' வந்தால் பை" என்று சூத்திரம் போட்டுக் கொடுத்தேன்.

"அப்படியென்றால், பாலம் வரை நடந்தேன் என்பதற்கும் அன்டிலா சேர்?"

பிடித்துவிட்டாள். இளவயதில் நான் விட்ட அதே பிழை. வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் 'ஐ வோக்ட் அன்டில் த பிரிட்ஜ்' என்றேன். மீதி வாக்கியத்துக்காக மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பாலம் கட்டும் காலம் வரைக்கும் நடந்தேன் என்று சொல்லப்போகிறேனோ என்பதுபோல. கல்லடிப் பழைய பாலமோ 1924இலேயே வந்துவிட்டது! நம்முடைய 'வரை' எல்லைக்கோடு. நிலத்திலும் கீறலாம், நாட்காட்டியிலும் கீறலாம். இன்றைய அன்டில் நேரத்துக்கு மட்டும்தான். இடத்துக்கு 'அஸ் ஃபார் அஸ்'.

இதை அவளுக்குச் சொல்வதற்காக அகராதியைப் புரட்டியபோது எனக்கும் ஒரு குட்டு விழுந்தது. 'டில்' என்பதை அன்டிலின் சுருக்கம் என்று நினைத்து எத்தனையோ கொப்பிகளில் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். உண்மையில் டில்தான் மூத்தது. 'வரை' என்றே பொருள்தரும் இன்னொரு பழைய சொல் அதன் முன்னால் ஒட்டிக்கொண்டதால் பிறகு வந்தது அன்டில். அந்தக் கொப்பிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னியுங்கள்.

அவள் அங்கேயே இருந்து செய்தியைத் திருத்தி அனுப்பினாள். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது: 'ஓகே. ஐ வில் வெயிட் அன்டில் தென்.'

ஒருமுறைக்கு இருமுறை வாசித்தாள். "காத்திருப்பது நீளும் வினைதானே சேர்? சரியாகத்தான் எழுதியிருக்கிறார்."